பாதியில் நின்ற பெயர்ப்பாட்டு

ஆஷ்லண்ட், ஒரிகன்
செவ்வாய்க்கிழமை, மழை

என் செல்ல மகள் கெஹாவுக்கு,

உன் அம்மா எமாலியா எழுதுகிறேன். நானும் உன் ஆபெலா மாமாவும் ஹோசெயா சித்தப்பாவும் முழங்கால் ஒரு பக்கம் இழுக்க முதுகு ஒரு பக்கம் இழுக்க, ஆனாலும் உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் எங்களைவிடப் பல மடங்கு நன்றாக இருக்க வேண்டும், இதைத் தினமும் காலையில் ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத்தான் காப்பியைத் தொடுகிறேன். ஐந்தாம் மாதத்தில் காலில் வீக்கம் வரும், நின்றபடியே வேலை பார்க்காதே, ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்குச் சொல்லும் புத்தியை நர்ஸம்மா தனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொள்ளலாம். உன் சிநேகிதிகள் விருந்து வைத்து மாலை போட வந்தால் முடிச்சுப் போட்ட மாலையைக் கழுத்தில் வாங்காதே, திறந்த மாலையாகத் தொங்கவிடச் சொல், தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றும் என்று நம் வீட்டில் யாருக்குச் சொல்லாமல் விட்டோம், உனக்கு மட்டும் விடுவதற்கு. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நீ புருவத்தைத் தூக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவாய், நீ உன் அப்பாவின் பெண், அவரும் வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்பார். காகிதத்தோடு குறுக்கே பேச முடியாது, முழுக்கப் படித்தாக வேண்டும், அதனால்தான்.

தீவை விட்டு நாங்கள் மூவரும் பாடப் போகிற அக்கரைப் பயணம் இந்தத் தடவை தெற்கே சான் டியேகோவில் தொடங்கி வடக்கே சியாட்டிலில் முடிகிறது. இந்த அமெரிக்க அக்கரைக்கு எத்தனை தடவை வந்துவிட்டோம், இன்னும் எனக்கு இந்த ஊர்கள் ஒன்றோடு ஒன்று கலந்துதான் கிடக்கின்றன, காலையில் கண் விழித்தால் எந்த ஊர் என்று தெரிவதில்லை, ஜன்னல் திரையை விலக்கினால் ஒரு நாள் நெடுஞ்சாலை, ஒரு நாள் ஆறு, ஒரு நாள் வெறும் மூடுபனி, அந்தப் பனிக்குள் ஒரு பெட்ரோல் பங்கின் விளக்கு மட்டும் மிதக்கும். நான் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், உன் அப்பா இருந்திருந்தால் அந்த விளக்குக்கும் ஒரு அடி எழுதியிருப்பார் என்று தோன்றும். அரங்கத்துக்கு வருகிறவர்களும் வழக்கமான ஆட்கள்தான். தேனிலவுக்கு நம் தீவுக்கு வந்துபோன வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும், பெட்டியிலிருந்து எடுத்த பூச்சட்டையும் பூச்சி உருண்டை வாசனையுமாக முன் வரிசையில் உட்கார்ந்து கையைக் கோத்துக்கொள்வார்கள். பின் வரிசைகளில் நம் ஆட்கள், வேலைக்கென்று வந்து வாடகைக்குப் பயந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், முதல் பாட்டுக்குச் சிரிப்பார்கள், மூன்றாவது பாட்டுக்கு மூக்கைச் சிந்துவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் எங்களை உட்காரவைத்துச் சோறு போடாமல் விட மாட்டார்கள். சேம்பு இலை கிடைக்காமல் கீரையில் பன்றியிறைச்சியைச் சுற்றி வேகவைத்திருக்கிறார்கள், சேம்புக் களி பனிக்கட்டியாக வந்து உருகினது, அதைத் தின்றுவிட்டு ஹோசெயா சித்தப்பா அந்த வீட்டுக்காரியிடம், "அம்மா, களி நல்லாத்தான் இருக்கு, ஆனா இது நம்ம ஊருல செத்து இங்க வந்து அடக்கமான களி" என்று சொல்லி இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டார். உன் ஆபெலா மாமா எதுவும் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த ஊரில் மேடை ஏறினாலும், இரண்டாம் பகுதி தொடங்குவதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் உன் பாட்டைக் கேட்கும், பனித்துளி என்று உனக்குப் பெயர் வைத்து அந்தப் பெயருக்கு உன் அப்பா கட்டினாரே, அதை. இசைத்தட்டில் வந்ததே, அதிலிருந்து அவர்களுக்கு மனப்பாடம். மூன்று வருடமாக எங்களுக்கு ஒரே பதில்தான், ஹோசெயா மைக்கைப் பிடித்து, "அந்தப் பாட்டு இப்ப வேற தேசத்துல குடித்தனம் பண்ணுது, எங்க பேச்சக் கேக்கறதில்ல" என்பார், சிரிப்பார்கள், வேறு பாட்டுக்குப் போய்விடுவோம். நீ சொன்ன சொல்லை நாங்கள் யாரும் மறக்கவில்லை, கெஹாவு. உன் அப்பாவின் சாம்பலைக் கரைக்க ஓடத்தில் போனபோது கடைசி மாலையைத் தண்ணீரில் போட்டுவிட்டு நீ சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது. "இதோட என் பாட்டும் அப்பாகூடப் போகட்டும். இனிமே யாரும் பாடக்கூடாது. ஹோட்டல்ல தட்டு கழுவுற சத்தத்துக்கு நடுவுல என் பேர மென்னு துப்புனது போதும்." உன் மாமா தலையைக் குனிந்துகொண்டு துடுப்பைப் போட்டான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, பேச எங்களுக்கு என்ன உரிமை. பெயர்ப்பாட்டு யார் பெயருக்கோ அவருக்குத்தான் சொந்தம், எழுதினவருக்கும் இல்லை, பாடினவருக்கும் இல்லை. உனக்கு ஒன்பது வயதில் அந்த ஹோட்டல் தாழ்வாரத்தில் யாரோ ஒரு பூச்சட்டைக்காரன் குனிந்து உன் முகத்துக்கு நேரே உன் பெயரைப் பாடிப் போட்டோ எடுத்துக்கொள்ள வரச் சொன்னதும், நீ ஓடிப்போய் நான் வாசிக்கிற ஆளுயரப் பாஸ் வாத்தியத்தின் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே நீ கோபப்பட்டாய் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, உன் பொருளை நீ எடுத்துக்கொண்டாய், அவ்வளவுதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிறு மதியம் சாக்ரமெண்டோவில் ஒரு தேவாலயத்து மண்டபம். வெளியே வெயில், உள்ளே மின்விசிறிகள், கூட்டம் பாதித் தூக்கத்தில் இருந்தது, சாப்பாட்டுக்குப் பிந்தின நிகழ்ச்சி அப்படித்தான் இருக்கும். நாங்களும் அந்த மயக்கத்திலேயே வாசித்துக்கொண்டிருந்தோம், நல்ல மயக்கம், பாஸை நான் வாசிக்கிறேனா அது என்னை வாசிக்கிறதா என்று தெரியாத நேரம் ஒன்று வருமே, அது. அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து செருப்பைக் கழற்றி நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றாள். என் வயது இருக்கும், நரைத்த கொண்டை, கொண்டையில் துணியில் தைத்த பூ. பெயர் லூயிகா என்று பிறகு தெரிந்துகொண்டேன், கவாய் தீவில் ஹனலேய் பக்கம், பத்தொன்பது வயதில் கப்பற்படைக்காரனைக் கட்டிக்கொண்டு அக்கரைக்கு வந்தவள், அவன் போய்விட்டான், இவள் இருந்துவிட்டாள், கார் கொட்டகையில் பத்துப் பெண்களுக்கு ஹூலா ஆட்டம் கற்றுத்தருகிறாள். ஆடுகிறவள் எழுந்து வந்துவிட்டால் மேடை அவளுடையது, அது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் பாதத்தைப் பார்த்து நான் தாளம் கொடுத்தேன், அவள் கையைப் பார்த்து மாமா பாடினான், பாடிக்கொண்டிருந்த பாட்டு மூன்று மடங்கு அழகாகி, பாட்டைச் சாத்துகிற ஹாயினாவுக்கு வந்தது, கடைசி அடியையும் பாடிச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாயிற்று. அவள் இருக்கைக்குத் திரும்பிப் போவதற்காக நாங்கள் வெறும் தாளத்தை உருட்டிக்கொண்டிருந்தோம்.

அவள் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தாளத்திலேயே அசைந்துகொண்டு நின்றாள், நின்றவள் வலது கையை மெல்ல உயர்த்தி மலை விளிம்பில் மேகத்தை நிறுத்தினாள். கெஹாவு, எனக்கு அந்தக் கை புரிவதற்குள் உன் மாமாவின் வாய் திறந்துவிட்டது. ஐம்பது வருடமாக ஆடுகிறவர்களின் கை சொன்னதைப் பாடியே பழகின வாய், மேகத்தைக் காட்டினால் மேகத்தைப் பாடும், அதற்கு மூளையிடம் அனுமதி கேட்கத் தெரியாது. மேகம் வந்து மலை விளிம்பில் நின்று யார் வீட்டில் விளக்கு எரிகிறது என்று கேட்கிற உன் முதல் அடி, அப்படியே அந்த உச்சிக்குரலில், உடைந்து மேலே தாவும் இடத்தில் தாவி, மண்டபம் முழுக்க நிறைந்தது. ஹோசெயாவின் கிடாரும் கூடவே போனது. என் விரல்களும்தான் போயின, பொய் சொல்ல மாட்டேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் பாட்டு என் கைக்குக் கீழே நடந்தபோது எனக்கு உன் அப்பா குளித்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்கிற ஈர வாசனை வந்தது. இரண்டாம் அடியில் பள்ளத்தாக்குக் காற்று இஞ்சிப் பூவைத் தொட்டுவிட்டு இறங்குகிறதே, அதையும் பாடி முடித்தான். பிறகு லூயிகா இரண்டு கையையும் சேர்த்துச் சேம்பு இலையாக விரித்தாள், அந்த இலையில் பனித்துளி வந்து உட்கார வேண்டும், அடுத்தது ஹாயினா, அதில் உன் பெயர். அங்கேதான் எனக்கு விழிப்பு வந்தது. கொடுத்த வாக்கு நெஞ்சில் இடித்தது. உள்ளங்கையை விரித்து நாலு கம்பியையும் ஒரே அமுக்காக அமுக்கினேன்.

பாஸ் நின்றால் எல்லாம் நிற்கும். கிடார் நின்றது, மாமா மூச்சை இழுத்துக்கொண்டு நின்றான், அவள் கைகள் வெறும் இலையாகக் காற்றில் நின்றன. கூட்டம் அதை ஏதோ கலை என்று நினைத்துக்கொண்டு கைதட்டியது. ஹோசெயா எழுந்து, "மன்னிக்கணும், எங்க அண்ணிக்கு மத்தியானத் தூக்கம் வந்திருச்சு, பாஸுக்கு மேலயே சாஞ்சுட்டாங்க" என்று சொல்லிச் சிரிக்கவைத்து வேறு பாட்டைத் தொடங்கினார், அந்தப் பாட்டு என்னவென்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. பாடக் கூடாது என்ற உன் சொல்லைக் காப்பாற்ற எனக்கு ஒரு நொடிதான் இருந்தது. அந்த நொடியில் நான் செய்தது என்ன என்று கை வலிக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. பெயர்ப்பாட்டைத் தொடங்காமல் இருக்கலாம், தொடங்கிவிட்டு நடுவில் அறுக்கக் கூடாது, பெயருக்கு உரியவரின் உயிருக்கு ஆகாது. உயிரோடு இருக்கிறவர் பெயரில் பாட்டு எடுத்து, அடிக்கு நடுவில் மூச்சு விட்டாலே என் அம்மா முறைப்பாள், நான் துளி விழுவதற்கு முன்னால் இலையையே பறித்துவிட்டேன், அதுவும் நீ முழுகாமல் இருக்கிற நேரத்தில்.

நிகழ்ச்சி முடிந்து பின்னால் இருந்த அறைக்கு லூயிகா வந்தாள், வெறுங்காலோடே வந்தாள், செருப்பை மறந்துவிட்டாள். வந்ததும் என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என்ன இப்படிப் பண்ணிட்டீங்க. அந்தப் பொண்ணு உசுரோட இருக்கா இல்லியா, மொதல்ல அதச் சொல்லுங்க." இருக்கிறாள், ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிறாள், ஐந்து மாதம் என்றேன். ஐந்து மாதம் என்றதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நான் ஓடத்தில் நடந்ததைச் சொன்னேன், நீ போட்ட தடையைச் சொன்னேன். அவள் வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன், அக்கரையில் இருந்து பழகினவள், பணம் கொடுத்து வாங்கின இசைத்தட்டு, எனக்கும் உரிமை உண்டு என்பாள் என்று நினைத்தேன். அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "இருவது வருஷமா அவ பேர இந்தக் கையில வெச்சிருந்தேன், எனக்கு யாருன்னே தெரியாது. புருசன் போனப்ப, வீட்டவிட்டு வெளிய வராம கெடந்தப்ப, காலையில எந்திரிச்சு அத ஆடித்தான் அடுப்பப் பத்த வெப்பேன். அவ வேண்டாம்னு சொல்லிட்டாளா, சரி, இனிமே நான் ஆட மாட்டேன், என் பொண்ணுங்களுக்கும் சொல்லிர்றேன். அது அவளோடது" என்றாள். பிறகு, "ஆனா தெறந்த வீட்டச் சாத்தாம வந்துட்டீங்களேக்கா" என்றாள். தீங்கு அண்டாமல் காக்கிற காவல் இலை நாலும் ஒரு பிடி உப்பும் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்து உனக்கு அனுப்பச் சொன்னாள். உங்கள் ஊர்ச் சுங்கக்காரர்கள் ஒரு பச்சை இலையைக் கண்டால் வெடிகுண்டைக் கண்ட மாதிரி கையுறை மாட்டிக்கொள்வார்கள் என்று விளக்கினேன், அவள் நம்பவில்லை. அதை என் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறேன், தாய்க்கு வைத்தால் பிள்ளைக்கும் சேரும் என்று அவளே வழி சொன்னாள்.

அங்கிருந்து வடக்கே வரும் வழியெல்லாம் மலையும் மழையும்தான். வேனின் பின் இருக்கையில் பாஸை அணைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டே வந்தேன், மரங்கள் வந்துகொண்டே இருந்தன, விழித்தாலும் அதே மரங்கள், கண்ணை மூடினாலும் அதே மரங்கள், நடுவில் ஒரு கனவு. உன் அப்பா நம் ஹாலவா பள்ளத்தாக்கில் சேம்பு வயலில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார், இளவயது காமுவேலா, சட்டையில்லாமல், கிடாரை நனையாமல் தூக்கிப் பிடித்திருக்கிறார். வாய் திறந்தபடி இருக்கிறது. அடுத்த அடி என்ன என்று கேட்கிற பார்வை, பாடுகிறவனுக்கு அடுத்த அடியின் முதல் சொல்லை முன்கூட்டிக் கூவிக் கொடுப்பது எப்போதும் என் வேலைதானே, நானும் கூவுகிறேன், கூவுகிறேன், என் தொண்டையிலிருந்து மழைச் சத்தம்தான் வருகிறது. அவர் கோபப்படவில்லை, அவசரமும் படவில்லை, தண்ணீர் அவரைச் சுற்றி மெதுவாகச் சுழல்கிறது, இலைகள் அசைகின்றன, அவர் காத்துக்கொண்டே நிற்கிறார். விழித்தபோது என் கன்னம் பாஸின் மரத்தில் ஒட்டியிருந்தது. பயமாக இல்லை, அதைத்தான் சொல்ல வந்தேன், அவர் காத்திருந்த விதத்தில் எனக்கு அழுகைதான் வந்தது.

உன் மாமா அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துவிட்டான். மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் என் முகத்தைப் பார்க்கிறான், இது பாடலாமா என்று. அவனைப் போய் நான் என்ன திட்டுவது. அவன் சொல்லாதே என்றதை இப்போது சொல்லிவிடுகிறேன், அவன் தொண்டையில் ஏதோ வளர்ந்திருக்கிறது, ஊர் திரும்பினதும் கத்தி வைக்கிறார்கள், உயிருக்குப் பயமில்லை, குரலைப் பற்றி மட்டும் டாக்டர் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்லி உன் மனத்தை இளக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே, கொஞ்சம் பார்க்கிறேன்தான், ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. நேற்று சாப்பாட்டு மேசையில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு சண்டை. ஹோசெயா ஆரம்பித்தார், "அண்ணி, நீங்க கைய வெச்சு அமுக்காம இருந்திருந்தா இன்னும் ரெண்டு அடியில அது தானா கரை ஏறியிருக்கும். அவளுக்குத் தெரியவும் போறதில்ல." தெரியாது என்பதற்காக அவள் பெட்டியைத் திறந்து அவள் துணியை உடுத்திக்கொள்வீரா என்று கேட்டேன். "பாதி உடுத்திட்டு மீதிய ரோட்டுல போட்டுட்டு வந்தது நீங்கதான்" என்றார், அது குத்தினது, உண்மைதானே குத்தும். அப்படியானால் சியாட்டிலில் முழுப் பாட்டையும் பாடிச் சாத்திவிடலாம், கெஹாவிடம் போனில் சம்மதம் கேட்டுவிடு என்று அவரே வழியும் சொன்னார். அதுவரை சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்த உன் மாமா அப்போதுதான் வாயைத் திறந்தான். "கேக்காதே எமா. கேட்டா அவ பயந்துட்டு சரின்னு சொல்லுவா. பயந்து குடுத்த சம்மதத்த வெச்சு நான் பாட மாட்டேன். அவ வேண்டாம்னு சொன்னது சொன்னதுதான், அது நிக்கட்டும்." பிறகு பாட்டை எப்படித்தான் சாத்துவது என்று நான் கேட்டதற்கு அவன் சொன்ன பதிலைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த மாதம் கடைசி ஞாயிறு சியாட்டிலில் எங்கள் கடைசி நிகழ்ச்சி, பிற்பகல் நிகழ்ச்சி. எல்லாப் பாட்டும் முடிந்த பிறகு, மைக்கில் எதுவும் சொல்லாமல், விட்ட இடத்திலிருந்து மெட்டை மட்டும் எடுப்போம். சேம்பு இலை அடியின் மெட்டு, அதன் பிறகு ஹாயினாவின் மெட்டு. மூன்று பேரும் வாயைத் திறக்க மாட்டோம். உயிர் சொல்லில்தானே இருக்கிறது, மெட்டு வெறும் கொடிக்கயிறு, அதில் உடுப்பைப் போடுவதும் போடாததும் உடையவளின் இஷ்டம். சொல்லை வைத்திருப்பது நீ ஒருத்திதான், உன்னைத் தவிர அந்த இரண்டு அடியைப் பாட உலகத்தில் யாருக்கும் பாத்தியதை கிடையாது. எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆகும் நேரம், உங்கள் ஊரில் திங்கட்கிழமை விடிந்து நீ வேலைக்குக் கிளம்புகிற நேரம். கூட்டம் பாட ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள் என்று நீ கேட்பாய். ஹோசெயா கையைத் தூக்கி அமர்த்துவார், அவருக்கு அது வரும், குடிகாரர்களையே அமர்த்தியிருக்கிறார். லூயிகா தன் காசில் சியாட்டிலுக்கு வருகிறாள், ஆடுவதற்கு இல்லை, கடைசி வரிசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத்தான், மூடும்போது தானும் அங்கே இருக்க வேண்டுமாம். மெட்டுக்கூட வேண்டாம் என்று உனக்குப் பட்டால் ஹோசெயாவின் போனுக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பு, காரணம் எழுத வேண்டாம், நாங்கள் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துவிட்டு இறங்கிவிடுவோம், உன் மேல் ஒரு மனத்தாங்கலும் இருக்காது. ஒன்றும் வராவிட்டால் வாசிப்போம்.

மாமாவுக்குத் தொண்டைக்கு வெந்நீர் வைக்க வேண்டும், கூப்பிடுகிறான். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், மீன் பிடிக்கப் போனால் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டாம் என்று மறுபடியும் சொல். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே. உன் அப்பா எங்கே இருக்கிறாரோ அங்கிருந்தும், நான் இருக்கிற இந்த மழைக்குள் இருந்தும், நம் பள்ளத்தாக்கின் பெரியவர்கள் எல்லார் சார்பிலும் உன்னையும் உன் பிள்ளையையும் வாழ்த்துகிறேன், சுகமாகப் பெற்றுச் சுகமாக எழுந்திரு. இன்னும் ஒன்றே ஒன்று. அந்தத் திங்கட்கிழமை காலையில் நீ பாடினாயா இல்லையா என்று நான் ஒரு நாளும் கேட்க மாட்டேன். தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது, அது வேறு, ஆனாலும் கேட்க மாட்டேன், மாமாவும் கேட்க மாட்டான், நீயாகவும் எங்களிடம் சொல்லாதே. மெட்டு முடிந்ததும் என் உள்ளங்கையைக் கம்பி மேல் வைத்து, இந்தத் தடவை மெதுவாக, எழுந்து கும்பிட்டுவிட்டு வருவேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
எமாலியா